மன்றாட்டில் வந்த பெயர்

பயந்தாங்கொள்ளிகளைக் கண்டால் ஷார்மைனுக்கு ஆகாது. பதினோரு வருடமாகப் போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வண்டிகளை அனுப்பிவைக்கும் வேலை அவளுக்கு. மழை கொட்டுகிறது, மேரு ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது என்று எந்த டிரைவராவது போனில் இழுத்தால், "அப்ப லோரிய வித்துட்டு சம்பான் படகு வாங்குங்கண்ணே" என்பாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த கிரிகரியின் மகள். அந்த வாய் அவரிடமிருந்து வந்தது.

அப்படிப்பட்டவள் முப்பத்து மூன்றாவது வயதில், ஏழு மாத வயிற்றோடு, ஆபீஸ் கழிப்பறையில் மூச்சை அடக்கி உட்கார்ந்து, பிள்ளை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒன்பது முறை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே தவறிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்ற பயம் அவள் சோற்றையும் தூக்கத்தையும் பறித்துக்கொண்டது. பயந்தவர்களை இத்தனை காலம் ஏளனம் செய்த அதே வாயால் தன்னையும் திட்டிக்கொண்டாள். திட்டியும் பயம் போகவில்லை.

ஒருநாள் கணவன் நைஜலிடம் மட்டும் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்ற உத்தரவோடு. நைஜல் நல்லவன். பாவம், அதைத் தவிர வேறு திறமை அவனுக்கு இல்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டான்.

அவன் அம்மா மகதலேனா கிள்ளானில் அவர்கள் மாதா கோயிலின் செபக்குழுத் தலைவி. அடுத்தவர் கஷ்டம் ஒன்று கையில் கிடைத்தால் போதும், புதுப் புடவை கிடைத்த மாதிரி, ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்காட்டாமல் இருக்க முடியாது. அந்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கும் முறை அவருடையது. மைக்கைச் சரிசெய்துகொண்டு, குரலை நடுங்கவிட்டு வாசித்தார். "முதல் குழந்தையை இழந்து, இப்போது மனக்கலக்கத்தால் வாடும் என் மருமகள் ஷார்மைனுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." முந்நூறு பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். ஆண்டவர் கேட்டாரோ என்னவோ, ஊர் நன்றாகக் கேட்டது.

பூசை முடிந்ததும் கோயில் கேன்டீனில் ஆறுதல் ஆரம்பமானது. பெர்னிஸ் ஆன்டி நாசி லெமாக் சோற்றை மென்றுகொண்டே, "என் தங்கச்சிக்கும் இப்படித்தான்மா, எட்டாம் மாசம், திடீர்னு. ஆனா நீ பயப்படாத லா" என்றாள். அடுத்தவள் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிய கதையைச் சொல்லி, நல்லதையே நினை என்று முடித்தாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருத்திகூட ஒரு செத்த குழந்தையைக் கொண்டுவராமல் வரவில்லை. ஷார்மைனின் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது.

அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். யார் கேட்டாலும் "ஓகேதான்." மகதலேனா அதைத் தன் செபத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டு செபக்குழு வாட்ஸ்அப்பில் நன்றிச் செய்தியும் போட்டார்.

முப்பதாவது வாரம் அரசாங்க கிளினிக்கில் பரிசோதனை. மாமியாரும் கூடவே வந்து உட்கார்ந்தார். இரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. தாதி, மிஸி அமுதவள்ளி, புருவத்தைத் தூக்கினாள்.

"தூக்கம் வருதா?"

ஷார்மைன் வாயைத் திறப்பதற்குள் மகதலேனா முந்திக்கொண்டார். "நல்லா தூங்குறா மிஸி. தினம் நான்தான் செபம் பண்ணி எண்ணெய் பூசி விடுறேன்."

"புள்ள உங்க வயித்துலயாம்மா இருக்கு? கொஞ்சம் வெளிய உக்காருங்க."

மகதலேனா வெளியே போனதும் மிஸி கதவைச் சாத்தினாள். ஷார்மைன் முதலில் கேட்டது ஒன்றுதான். "சொன்னா, யாருகிட்ட போகும்?"

"ஃபைலுக்குப் போகும். டாக்டர் பாப்பாரு. வெளிய யாருக்கும் போகாது."

சொன்னாள். மூக்கு ஒழுக அழுதாள். அழுகிற தன்னைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருந்தும் அழுதாள். அமுதவள்ளி பயப்படாதே என்று சொல்லவில்லை. அதற்கே அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

"ஒன்ன இழந்தவங்களுக்குப் பயம் வராம இருக்குமா? பயந்ததால புள்ளைக்கு ஒன்னும் ஆயிடாது. தூங்காம, சாப்பிடாம கெடக்குறதுதான் உங்கள உருக்குது. நாள் முழுக்க டாய்லெட்ல காவல் இருக்க வேணாம். காலையில ஒம்போது மணியிலேருந்து எண்ணுங்க, பத்து அசைவு வந்ததும் குறிச்சுட்டு வேலையப் பாருங்க. ராத்திரி ஒம்போதுக்குள்ள பத்து வரலன்னாலோ, வழக்கத்த விடக் கொறஞ்ச மாதிரி தோணுனாலோ, நேரா ஆஸ்பத்திரி. யாருகிட்டயும் பர்மிஷன் கேக்காதீங்க. அடுத்த வாரம் இதுக்குன்னே டாக்டரப் பாக்க டேட் போடுறேன்." பேனாவை எடுத்தாள். "இந்தப் பயம் எதனால கூடுது?"

ஷார்மைன் யோசிக்கவே இல்லை.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் நூற்று இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. சிறுநீரிலும் கோளாறில்லை. வயிற்றில் கருவியை வைத்ததும் பிள்ளையின் இதயம் அறை முழுக்கத் தடதடத்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் அழுத்தம் பார்க்க வரச் சொல்லி மிஸி அனுப்பினாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மகதலேனா கேட்டார். "உள்ள என்ன சொன்ன?"

"பயமா இருக்குன்னு சொன்னேன். எது கூட்டுதுன்னு கேட்டாங்க. உங்க பேரச் சொன்னேன், அத்தை."

கண்ணீரோ பிரசங்கமோ வரும் என்று காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை.

"எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"முழுப் பேருமா? டாக்டர் பாத்தா என்னப் பத்தி என்ன நெனைப்பாரு? திரும்பப் போயி அத அழிக்கச் சொல்லலாமா?"

ஷார்மைன் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள்.

"புள்ள நல்லா இருக்கு, அத்தை," என்றாள். "நீங்க கேக்கல. நானே சொல்லிட்டேன்."