அக்கா வைத்த சிவப்புப் பொட்டு

மெஹருன்னிசா அக்கா காலமான செய்தியை எங்கள் லாரி டிரைவர் போனில் சொன்னபோது, நான் திருநீர்மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். "உனக்கு யாருடா சொன்னது?" என்று அவனிடம் சண்டைக்குப் போனேன். செய்தி சொன்னவன் மேல் எரிந்து விழுவது என் புத்தி. தாம்பரம் பக்கம் லாரி வைத்திருக்கும் நமக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒர்க்‌ஷாப் ஒன்றில் பல வருஷம் பில் எழுதியவர். செய்யாத வேலைக்கும் பில் எழுதச் சொன்னார்கள் என்று வேலையை உதறிவிட்டு, லாரிக்காரர்கள் பக்கம் வந்து நின்றவர்.

என் கணவர் பக்கவாதத்தில் படுத்ததும் லாரி என் பொறுப்புக்கு வந்தது. அது ஓடினால்தான் அடுப்பு எரியும், அவருக்கு மருந்து வரும். எனக்கோ ஹாரனைத் தவிர அதில் ஒன்றும் தெரியாது. முதல் ரிப்பேருக்கு விடும் முன்பே டிரைவர் அக்காவை அழைத்து வந்தான். அவர் கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, இன்ஜின் சாமான்களில் மறைவான இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்தார். "எதுக்குக்கா?" என்றேன். "அப்புறம் தெரியும். பேசாம டார்ச்சப் பிடி."

மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்காரர், "செல்ஃப் மோட்டார் புதுசு மாத்தியாச்சு. பில்லக் கட்டினாத்தான் சாவி" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட வந்திருந்த அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் போனார். உள்ளேயிருந்தே குரல் வந்தது: "தம்பி, புது மோட்டாருல என் நெயில் பாலிஷ் இன்னா பண்ணுது?" பில்லில் அந்த வரியைக் கடைக்காரரே அடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அன்று சாயங்காலமே லாரி லோடுக்குப் போனது.

"பில்லப் படிக்கிறது அப்புறம். மொதல்ல பழைய சாமானக் கேளு" என்பார் அக்கா. நானும் ஒரு பாலிஷ் பாட்டில் வாங்கினேன். பெரிய கெட்டிக்காரியாகிவிட்டதாக நினைப்பு. ஒருமுறை மெக்கானிக் செல்வம் டைனமோவை மாற்றிவிட்டுப் பழையதைக் கொடுத்தான். அதில் பொட்டு இல்லை. தெருவே கேட்க அவனைத் திருடன் என்றேன். அக்கா வந்து குனிந்து பார்த்தார். நான் டைனமோ என்று நினைத்துப் பொட்டு வைத்தது ஏர் கம்ப்ரசருக்கு!

எனக்கு அவமானமாக இருந்தது. "சாரி செல்வம்" என்று முணுமுணுத்தேன். அக்கா விடவில்லை. "திட்டும்போது சத்தமாத்தான திட்டின? மன்னிப்பையும் சத்தமாக் கேளு." கேட்டேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அக்கா மேல் வந்த கோபம் ஒரு வாரம் இருந்தது. இன்று அதற்காகத்தான் அவரை அதிகம் நேசிக்கிறேன். அக்காவின் ஜனாஸா ஊர்வலத்துக்கு வந்த செல்வம், கிரீஸ் கறை போகாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

போன வாரம் லாரியை அவனிடம்தான் விட்டேன். "பொட்டு வைக்கலியாக்கா?" என்றான்.

"உன் கடைக்கு எதுக்குப்பா?"

"வைங்கக்கா. அவங்க இருந்தா வெச்சிருப்பாங்க."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த வழக்கமும், சத்தமாக மன்னிப்புக் கேட்கும் பழக்கமும்தான். பாட்டிலைத் திறந்துகொண்டு இன்ஜின் பக்கம் குனிந்தேன். கண்ணீரில் எது டைனமோ என்று தெரியவில்லை. செல்வமே டார்ச் அடித்துக் காட்டினான்.