கையெழுத்துப் போடாத பொருத்தனை

மிஷன் ஆஸ்பத்திரி துரை எங்கள் வீட்டு மேசைமேல் ஒரு பேனாவை எடுத்து வைத்த காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அண்ணனின் டாக்டர் படிப்புச் செலவு முழுவதையும் மிஷனே ஏற்கும், படித்து முடித்தபின் ஐந்து வருஷம் மிஷன் சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும், அதற்கு ஒரு கையெழுத்துப் போதும் என்றார். பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் சனங்கள் மலைக்காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே ஒரு மருந்துச்சாலை வேண்டுமென்று எங்கள் சபையே ஏங்கிக் கிடந்தது.

அப்பா பேனாவைத் தொடவில்லை. முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் தங்கியவன் அண்ணன். பிழைத்தால் கர்த்தருடைய வேலைக்கே விடுவதாக அம்மா சபை நடுவே பொருத்தனை பண்ணியிருந்தாள். "ஆண்டவருக்குக் குடுத்த பிள்ளைக்கு மனுசன்கிட்ட பத்திரமா துரையே? படிப்பை நான் பாத்துக்கிடுதேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த வாரமே பூதப்பாண்டிப் பக்கத்து வயலைக் கடனுக்கு ஒற்றி வைத்தார். நாங்கள் எல்லாரும் அதை விசுவாசம் என்றே எண்ணிப் பூரித்தோம்.

படிப்பு வயலோடு அடங்கவில்லை. புத்தகம், விடுதி, பரீட்சை என்று தென்னந்தோப்பும் போயிற்று, அம்மாவின் கழுத்தும் வெறுமையாயிற்று. சபையார் சும்மா இருக்கவில்லை. ஆணும் பெண்ணுமாகக் கல் சுமந்து மலையடிவாரத்தில் ஓர் அறை கட்டி, வெள்ளையடித்து, டாக்டருக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் அங்கே கிடைக்கக்கூடிய சம்பளம் எங்கள் வட்டிக்கே காணாது. "கடன் அடையட்டும் அப்பா, பொறவு வந்திருதேன்" என்று சொல்லி அண்ணன் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போனான். சபை மூப்பர் அப்பாவை வழிமறித்து, "என்ன ஓய், கர்த்தருக்கு நேர்ந்த பிள்ளை இப்பம் தேயிலைக்கு நாடி பிடிக்கானாக்கும்?" என்றார். அப்பா சிரிக்கப் பார்த்தார். "வருவான் ஓய், வருவான்."

வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தான்; கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்த பின்னும் அப்படியே. வந்த மறுநாளே காய்ச்சலுக்கான கொயினா மருந்தும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்கு ஓடுவான். நானும் கூடப் போவேன். காட்டுப்பாதை நெடுகச் சனம் உட்கார்ந்திருக்கும். அப்போது அவன் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. இன்று அந்தப் பக்கம் பஸ் ஓடுகிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் மனமோ அந்தச் சில நாட்களையே தேடிப் போகிறது.

கடன் தீர்ந்து வயல் எங்கள் கைக்குத் திரும்பிய வருஷம், இனி அவன் இங்கேயே தங்கிவிடுவான் என்று வீட்டில் எல்லாரும் வாய்திறவாமல் எதிர்பார்த்தோம். அண்ணன் தலைகுனிந்துகொண்டு, "இனி எனக்க மக்களப் படிக்க வைக்கணுமே அப்பா" என்றான். அப்பா வயல் பக்கம் பார்த்தபடி, "நான் அண்ணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கணும் மக்கா" என்றார். அவ்வளவுதான்.

அந்த லீவின் கடைசி நாள் அண்ணன் மருந்தறையைப் பூட்டப் போனபோது, காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு மலைக்காரப் பெண் கேட்டாள்: "ஐயா, இனி எப்பம் வருவீய?"

"அடுத்த கிறிஸ்துமஸுக்கும்மா."

அவள் பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "அப்பம் காய்ச்சல்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கய்யா. அதுவும் கிறிஸ்துமஸுக்கே வரட்டும்."