துறைமுக வாசலில் ஒட்டிய பட்டியல்

தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தின் வாசலில் திருச்செந்தூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். காலை பத்து மணிக்கே உப்புக்காற்று முகத்தில் பிசுபிசுக்கிறது. சுவரில், எழுத்தர் பயிற்சிக்குத் தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் அதை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டு என்னிடம் வருகிறான்.

"சார், மாத்தன்னு ஒரு பேரு இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்க்கிறேன். இல்லை.

அவன்தான் மாத்தன்; பாபநாசம் மலையிலிருந்து வந்திருக்கும் காணிக்காரப் பழங்குடி. அவர்களில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். படித்தால் வேலை கிடைக்கும் என்று அவன் சொன்னதை நம்பிப் படித்த நான்கு பேர் சாலைக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரும் இல்லை.

"சாதிச் சர்டிபிகேட் இல்லன்னு தள்ளிட்டாங்க சார்" என்கிறான். "ஹாஸ்டல்ல தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் வச்சாங்க. அதிகாரி முன்னால நிமிந்து நின்னு தெளிவாப் பேசணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அஞ்சு பேருக்கும் சேத்து தாசில்தார்ட்ட நான்தான் அப்படிப் பேசுனேன். மலைக்காரன் இப்படிப் பேசமாட்டான், சர்டிபிகேட் கிடையாது, வெளிய போலேன்னுட்டாரு."

"மேலே மனுப் போடலாமே" என்கிறேன்.

"போட்டாச்சு சார். பதில் வாரதுக்குள்ள வயசு தாண்டிரும்."

அவன் சாலையைக் கடக்கிறான். நிழலுக்காக நானும் பின்னாலேயே போகிறேன். அவனைக் கண்டதும் நால்வரும் எழுந்து நிற்கிறார்கள்.

"அண்ணே, நம்ம பேரு வந்திருக்கா?"

"இன்னும் ஒட்டலலே. சாயங்காலந்தான் ஒட்டுவாங்களாம்."

நால்வரும் நம்பிக்கையோடு மறுபடி உட்காருகிறார்கள்.