டென்ஷனர் வராத செவ்வாய்

ஸ்டார்ட் செய்தவுடன் எங்கள் பழைய கார் பதினொரு விநாடி கீச்சிடும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு வாரம் அது பதினான்காக வளர்ந்தது. நாங்கள் இருந்த அணுபுரம் குடியிருப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு, எஞ்சின் பெல்ட்டில் சலவைச் சோப்பைத் தேய்த்தேன். சத்தம் நின்றது. அணுமின் நிலையத்தில் அளவுமானிகளைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன், சத்தம் நின்றதால் கோளாறும் நின்றுவிட்டதாக எட்டு நாள் நம்பினேன்.

ஒன்பதாம் நாள் வேறு சத்தம் வந்தது, எதையோ அரைப்பது போல. என் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டில் டயாலிசிஸ். ஏழரைக்குள் போகாவிட்டால் அந்த முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு முறை தவறினாலே அவளுக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

திங்கள் மதியம் மாமல்லபுரத்து மெக்கானிக்கிடம் போனேன். அவர் கொட்டகையை ஒட்டியே ஒரு சிற்பக்கூடம். எஞ்சினின் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் பக்கம் திரும்பி, "அண்ணாத்த, ரெண்டு நிமிசம் கைய நிறுத்து" என்பார். ஆறு உளிகளும் நிற்கும். அன்றும் நின்றன. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"இன்னா சார், பெல்ட்ட குளிப்பாட்டிக்கினு கீறியா? பவுடரும் போட்டியா?"

உளிக்காரர்கள் சிரித்தார்கள். பெல்ட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்பது வெடிப்புகளை வாய்விட்டு எண்ணினேன். ஆனால் அரைத்தது பெல்ட் அல்ல. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சக்கரம். புது பெல்ட் அவரிடம் இருந்தது. டென்ஷனர் சென்னையிலிருந்து புதன்கிழமைதான் வரும். பெல்ட்டை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன்.

"பழைய டென்ஷனரு புது பெல்ட்ட துன்னுடும் சார். வண்டிய வுட்டுட்டு போ. நாளிக்கு ஆட்டோ சொல்றேன்."

குலுங்கும் ஆட்டோவில் அவளை அவ்வளவு தூரம் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. மூன்று முறை கேட்டேன். முகம் கொடுக்காமல் மாற்றித் தந்தார். "எத்தினி மணிக்கு கெளம்புவ?" என்று மட்டும் கேட்டார்.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டி மூன்றாவது கிலோமீட்டர் கல்லருகே டென்ஷனரின் சக்கரம் உடைந்து பெல்ட் கழன்றது. சிவப்பு விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் கனத்தது. ஓரங்கட்டினேன். மணி ஆறு நாற்பத்தொன்று. சாலையில் பஸ் எதுவும் கண்ணில் படவில்லை.

பின்னாலேயே ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அணுபுரத்திலிருந்தே எங்களைத் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். பின் சீட்டில் அவர் வீட்டு மெத்தை, இரண்டாக மடித்துப் போட்டிருந்தது.

"வாம்மா, மெதுவா ஏறு. நீயும் ஏறு சார். வண்டிய நான் பாத்துக்கறேன். அங்க போயி எதனா எண்ணிக்கினு குந்து."

ஏழு பத்தொன்பதுக்கு அவள் படுக்கையில் இருந்தாள்.

புதன்கிழமை டென்ஷனரும் இன்னொரு புது பெல்ட்டும் மாட்டினார். சோப்பைப் பற்றியோ என் பிடிவாதத்தைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. அதன்பின் மனைவி நான்கு ஆண்டுகள் இருந்தாள். ஒரு முறைகூடத் தவறவில்லை. இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் ஓட்டல்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். மெக்கானிக் எங்கே போனார் என்று ஐந்து பேரிடம் விசாரித்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அன்றைய மணிக்கணக்கெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த மெத்தைக்காக அவருக்கு நன்றி சொன்னேனா என்பதுதான் நினைவில்லை.