ஓடுற சர்வீஸை நிறுத்தப் பட்ட பாடு

வாலிபால் கோச் என்றால் ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர் என்றுதான் ஊர் நினைக்கிறது. பாதி நாள் எங்கள் வேலை, நன்றாக ஆடுகிற எதிராளியை எப்படிக் கொஞ்சம் நிற்க வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான். கழுத்தில் விசிலோடு வெயிலில் காய்ந்த டிரில் டீச்சர்களுக்கு இது புரியும். அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட். நல்ல கை ஒன்று சூடு பிடித்துவிட்டால் ஐந்து, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருக்கும். நாம் ஓரத்தில் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி நகரியத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை. பாதி பிளாக்குகள் இன்னும் கட்டி முடிந்திருக்கவில்லை. என் ஆறு பெண்களும் ஆறு ஜில்லா. உயரம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோலக் குறைச்சல்.

ரிப்பன்

முதல் மேட்சில் எதிராளிக்கு வரிசையாக ஆறு பாயின்ட். எனக்கிருந்த இரண்டு டைம் அவுட்டும் தீர்ந்துவிட்டது. அப்போது எங்கள் கேப்டன் சரோஜாவின் ரிப்பன் அவிழ்ந்து கண்ணை மறைக்க, ரெஃபரி கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். அவள் கட்டி முடிக்கும் வரை அந்தப் பக்கத்துப் பெண் பந்தோடு நின்றாள். அடுத்த சர்வீஸ் நேராக வலையில்!

எனக்கு ஞானோதயம். அடுத்த மேட்சுக்கு ஆறு பேருக்கும் ரிப்பனைத் தளரக் கட்டிவிட்டேன். முதல் ரிப்பனுக்கு ரெஃபரி பொறுத்தார். இரண்டாவதுக்கும் பொறுத்தார். மூன்றாவது அவிழ்ந்ததும் என்னிடம் நடந்து வந்தார்.

"டீச்சர், இது வாலிபால் மேட்சா, சடை பின்னுற போட்டியா? சொல்லிட்டீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி நான் விசில் ஊதுவேன்."

ரகசியத் திட்டம்

இன்னொரு நாள் பத்துக்கு இரண்டு என்று பின்னால் இருந்தோம். டைம் அவுட் கேட்டுவிட்டேன். சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. பெண்கள் முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. வாயில் வந்ததைக் கேட்டேன்: "மத்தியானம் என்னடி சாப்பிட்டீங்க?" புளிசோறு என்றாள் ஒருத்தி. அதில் பாதியை டப்பாவோடு குரங்கு தூக்கிக்கொண்டு போனதை இன்னொருத்தி நடித்தே காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தோற்கிற கூட்டம் சிரித்தால் ஜெயிக்கிற கூட்டத்துக்குப் பொறுக்குமா? அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அடுத்த நாலு பந்தும் ஆளுக்கொரு மூலையில் போயிற்று. செட்டும் எங்களுக்கே. மேட்ச் முடிந்ததும் அவர்கள் கோச் சரோஜாவைத் தனியாக அழைத்து, "அப்படி என்னம்மா பிளான் சொன்னாங்க உங்க டீச்சர்?" என்று கேட்டார். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண்.

"புளிசோறு சார்."

வாளித் தண்ணீர்

எங்கள் அணியில் ஆடிய கமலாவின் அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்ததும் உடம்பெல்லாம் மண்ணோடு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். கோட்டருகே நின்றுகொண்டு, "கையத் தூக்கு! பந்தப் பாரு! ஏன் நின்னுகினே இருக்கிற?" என்று கத்துவார். கமலாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவரை அப்புறப்படுத்த, "அண்ணே, பிள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாங்களேன்" என்று அனுப்பினேன்.

மனுஷர் வாளி நிறையத் தண்ணீரோடு, சுற்றி வராமல் மைதானத்தின் குறுக்கே நேராக நடந்து வந்தார். எதிராளி சர்வீஸுக்குக் கையை ஓங்கிய நேரம். ரெஃபரி விசிலை ஊதினார். கமலாவின் அப்பா தன் பாட்டுக்கு நடந்தார். ஆட்டம் நின்றது, எதிராளியின் ஜோரும் நின்றது. வாளியை இறக்கி வைத்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"நான் நடந்தா மேட்சே நிக்குதுங்களே டீச்சர், இன்னொரு வாளி கொண்டாரட்டுங்களா?"

தோடு

இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சம்தான். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த அணியில் தனம் என்று ஒரு பெண். அவள் சர்வீஸை எடுக்க எங்களில் ஆள் இல்லை. மேட்சுக்கு முன்னாலேயே கமலாவிடம் ஒரு தோட்டைக் கழற்றித் தாவணி முனையில் முடிந்துகொள்ளச் சொல்லியிருந்தேன். நான் தலையைச் சொறிந்தால், தோட்டைக் காணோம் என்று அவள் சொல்ல வேண்டும்.

தனம் ஐந்து பாயின்ட் எடுத்ததும் சொறிந்தேன். கமலாவும் சொன்னாள். ஆட்டம் நின்றது. நான் எதிர்பாராதது அதற்கப்புறம் நடந்தது. பந்தைக் கீழே போட்டுவிட்டு முதலில் ஓடி வந்தவள் தனம்தான். வலைக்கு அடியில் புகுந்து வந்து, முட்டி போட்டு, செம்மண்ணை விரலால் அளைந்து அளைந்து தேடினாள். அவள் கூட்டமும் தேடியது. தனத்துக்கு நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது.

கமலா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மெல்ல முடிச்சை அவிழ்த்துத் தோட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "தொலையலைக்கா. சும்மா சொன்னேன்." என் பெயரைச் சொல்லவில்லை. ரெஃபரி வாய்க்குள் விசிலை வைத்தபடியே நின்றார். திட்டுக்குக் காத்திருந்தேன். தனம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அப்பாடா! நான் ஒரு தபா தொலைச்சுட்டு ரெண்டு நாளு வூட்டுக்குள்ளயே போவ பயந்துகினு கெடந்தேன்."

நடை

அந்த மேட்சில் தோற்றோம், தோற்றதுதான் சரி. மறுநாள் பெண்களைக் கூப்பிட்டு, தோட்டு யோசனை என்னுடையது, தப்பும் என்னுடையது என்றேன். இனி எதிராளியை நிறுத்த வேண்டாம், நாம் பதறாமல் இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பாயின்ட் போனதும் ஆறு பேரும் நடுவில் கூடி, கையைத் தொட்டு, மூச்சு விட்டு, அவரவர் இடத்துக்கு நடந்து போவார்கள். ஓட்டம் கிடையாது, நடைதான். எந்த விதியிலும் அதற்குத் தடை இல்லை.

அந்த வருஷத்துக் கடைசி மேட்ச் மறுபடியும் தனத்தின் அணியோடு. ஒரு செட் போனது. என் பிள்ளைகள் நடந்தார்கள். அடுத்ததில் தனம் எட்டு எடுத்தாள், நடந்தார்கள். ஒன்பதாவது சர்வீஸைக் கமலா எடுத்தாள்! அந்த செட்டை ஜெயித்தோம், அதற்கடுத்ததையும் ஜெயித்தோம். தனம் வந்து கமலாவின் கையைக் குலுக்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் எங்கள் தலைமையாசிரியை கைக்கடிகாரத்தோடு நிற்கிறார்.

"ஜெயிச்சது ரொம்ப சந்தோஷம் டீச்சர், ஆனா உங்க பிள்ளைங்க நடந்த நடையில ஷிப்ட் பஸ் போயிடுச்சு, இப்ப எல்லாருமா வீடு வரைக்கும் நடங்க!"

இத்தனை வருஷத்தில் நான் கற்றது, அடுத்தவரின் ஓட்டத்தை நிறுத்தப் போனால் முதலில் மூச்சு வாங்குவது கோச்சுக்குத்தான் என்பதுதான்.