ஐஸ் அக்காவின் புறங்கை

ஐஸ் அக்கா என்று அவளுக்குப் பேர் வைத்தவர் யாரோ, குசும்பு பிடித்த ஆள். தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று எரிந்து விழுகிறவளுக்கு அந்தப் பேரா! ஆனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவள் கடைக்குக் கொதிக்கக் கொதிக்க வரும் கேம் கன்சோல்கள் குளுகுளுவென்றுதான் திரும்பிப் போகும். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அதைத் துடைத்தெடுத்து, சிப்பின் நடுவில் பட்டாணி அளவு புதுசாக வைத்து, மேலே சூட்டை உறிஞ்சி வெளியே விடும் பெரிய ஹீட்சிங்காக மாட்டுவாள். "இன்னும் கொஞ்சம் வைக்கலாமே" என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். "பல்லா விளக்கப் போறீங்க?" என்று பாய்வாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். பக்கத்துச் சிப்புகளின் மேல் வைக்கிற மெத்தென்ற பேடின் இரண்டு பக்கமும் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இரண்டையும் உரித்தாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் சூடு ஹீட்சிங்குக்கு ஏறாது, பெட்டி பொசுக்கென்று அணைந்துவிடும். அதனால் கணக்குத் தப்பாமல் இருக்க, உரித்த தாளை உடனே இடது புறங்கையில் ஒட்டிக்கொள்வாள். வேலை முடியும்போது கை மீன் செதிலாக மின்னும்.

அவளுடைய அண்ணன் பஸ் ஓட்டியவன். விபத்தில் இடது கை செயலற்றுப் போனதும் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டான். அந்தக் கையை பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே மாட்டான். தங்கைக்குப் பொறுக்கவில்லை. பழைய கன்சோல் ஒன்றை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, வேகத்தைக் கூட்டி, காலுக்கு பெடலும் ஒற்றைக் கைக்கு ஸ்டியரிங்கும் வைத்துக் கொடுத்தாள். வீட்டில் இருந்தபடியே கார் பந்தயத்தில் ஒவ்வொருவராகத் தோற்கடித்து இறுதிச் சுற்றுக்கே வந்துவிட்டான் மனுஷன்! அதற்கு மட்டும் மண்டபத்துக்கு நேரில் போக வேண்டும். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போட்டியன்று காலை அவள் இன்னும் பெரிய ஹீட்சிங்கை மாட்டிக்கொண்டிருந்தாள். புதுசாக ஒரே ஒரு பேடை வைத்தாள். அப்போது வாசலில் நிழல். தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணன்.

"போலாமா?" என்றான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளி எழுந்தாள், கண்ணைத் துடைத்தாள், ஹீட்சிங்கை வைத்து மடமடவென்று ஸ்க்ரூவை முடுக்கினாள். பெட்டியையும் கருவிப் பையையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

மண்டபத்தில் ஜேஜே என்று கூட்டம். பழகிப் பார்க்கிற ஓட்டத்திலேயே திரை இருண்டது. திரும்பப் போட்டாள், திரும்ப அணைந்தது. அண்ணன் முகம் செத்துப்போனது.

"விடு. இதுக்குத்தான் நான் எங்கயும் வர்றதில்ல" என்று எழுந்தான். இப்போது போனால் இனி அவனை எதற்கும் கூப்பிட முடியாது. அவளுக்கு அது தெரியும்.

"அண்ணா, கொஞ்சம் இரு!" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். பிடித்த கையையே அவன் உற்றுப் பார்த்தான்.

"ஏய், எப்பவும் ஜோடியா ஒட்டியிருப்பியே. இன்னைக்கு ஒண்ணுதான் இருக்கு."

"அடப்பாவமே!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து மேசைக்காரரே எழுந்துவிட்டார்.

மைக்கில் அண்ணனைக் கூப்பிட்டார்கள். "கூவாதீங்க, வர்றோம்!" என்று கத்திக்கொண்டே கழற்றினாள். பேடின் மேல் தாள் பளபளவென்று சிரித்தது! ஹீட்சிங்கை எடுத்தால் பழைய பேஸ்ட் உதவாது. துடைத்தாள், புதுசாகப் பட்டாணி அளவு வைத்தாள். தாளை உரித்தாள். கையெல்லாம் பேஸ்ட், ஒட்ட இடமில்லை.

அண்ணன் வலது கையால் தன் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதுல ஒட்டு" என்றான்.

அத்தனை பேர் பார்க்க, அந்தக் கையில் ஒட்டினாள். அப்போதும் "ஆடாம இரு" என்று அதட்டத் தவறவில்லை.

பெட்டி அணையவே இல்லை. அண்ணன் ஓட்டினான் பாருங்கள், ஒரு ஓட்டு! கடைசி வளைவில் ரெண்டு காரைத் தாண்டினான், முதல் காரைத் தொட்டும் தொடாமலும் இரண்டாவதாக வந்தான். ஐஸ் அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தாள்.

மேடையில் ஜெயித்தவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். அண்ணன் வலது கையைத் தூக்கவில்லை. வலது கையால் இடது கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினான். அதில் அந்தத் தாள் மின்னிக்கொண்டிருந்தது.