சிலிண்டர் நிரப்பக் கொழும்பில் ஒரு கடை

சுழியோடிகளுக்குக் கடலுக்குள்ளே பெரிய கரைச்சல் கிடையாது. கரைச்சல் எல்லாம் கரையில், முதுகில் கட்டுகிற காற்றுச் சிலிண்டரை நிரப்புகிற இடத்தில்தான்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கிற கப்பல்களைப் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் தொழில். கரையோரம் நீந்துகிறவர்களுக்குச் சாதாரணக் காற்றுப் போதும். கீழே அதிக நேரம் நிற்க வேண்டுமென்றால் ஒக்சிஜன் கூட்டிய காற்று வேண்டும். இன்னும் ஆழம் போனால் சாதாரணக் காற்றே சாராயம் மாதிரித் தலைக்கு ஏறும். அதற்கு ஹீலியம் கலக்க வேண்டும். எங்களுக்கு ஒழுங்காகக் கலந்து தந்துகொண்டிருந்த அண்ணர், நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருஷம் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். அதோடு பிடித்தது சனியன். வெளிநாட்டு மெஷின் ஒன்றுக்கு வாஷர் தேடிக் கொழும்பு முழுக்க அலைந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு என் நிலைமை சொல்லாமலே விளங்கும்.

கியூ

சமையல் கேஸ் கிடைக்காமல் சனம் தவித்த காலம். காலி வீதி ஓரத்தில் சிலிண்டர்களை இறக்கி வைத்துவிட்டு ஏற்றிப்போக வரவேண்டிய வான் வண்டிக்காக நின்றேன். பின்னால் ஒருவர் வெறும் கேஸ் சிலிண்டரோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். நான் போனில் கதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வரிசை சந்தி வரைக்கும் போயிருக்கிறது.

"இது கேஸ் இல்லை, கடலுக்கடியில சுவாசிக்கிற காத்து" என்று தமிழில் சொன்னேன், சிங்களத்தில் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. கேஸ் லொறி எங்கே வரும் என்பது எனக்குத் தெரியும், நான் மறைக்கிறேன் என்று ஒரு பேச்சு வேறு ஓடியது. எனக்கு அடுத்து நின்ற அன்ரி என் சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடலுக்குப் போற கேஸ் எண்டாலும் பரவாயில்லை பிள்ளை, அடுப்பு எரியுந்தானே?"

எல்லாம் இருக்கு

சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிற கடை ஒன்றுக்குப் போன் எடுத்தேன். ஒக்சிஜன் கூட்டி நிரப்புவீர்களா என்று கேட்டேன். "ஓம் மிஸ், எல்லாம் இருக்கு, வாங்க" என்றார் மனேஜர். வெயிலில், வாகன நெரிசலில் பாதி நாளைத் தொலைத்துப் போய் இறங்கினால், அங்கே இருந்தது சாதாரணக் காற்று அடிக்கிற கொம்பிரசர் ஒன்றுதான்.

"போனில இருக்கெண்டு சொன்னீங்களே?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஒக்சிஜன் இருக்கா எண்டு கேட்டீங்க. காத்துல ஒக்சிஜன் இருக்குத்தானே மிஸ்?"

பலூன்

ஹீலியத்துக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு வாயுக் கடைக்குப் போனேன். முதலாளி மிகவும் மரியாதையானவர். கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, "பேர்த்டே பிள்ளைக்கு எத்தனை வயசும்மா?" என்று கேட்டார்.

பேர்த்டே இல்லை, இதை மனிதர்கள் சுவாசிக்கப் போகிறார்கள், அதனால் எவ்வளவு சுத்தமானது, எண்ணெய்ப் பிசுக்கு ஏதும் கலந்திருக்குமா என்று அறிய வேண்டும் என்றேன். அவருக்கு மனம் நொந்துபோயிற்று. "இத்தனை வருஷமா குடுக்கிறோம்மா, ஒரு பலூன்கூட வந்து குறை சொன்னதில்ல."

குகன் அண்ணையின் பயணம்

இதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது.

குகன் அண்ணை கப்பல் பார்ப்பதற்கென்றே மெல்பேர்னில் இருந்து வந்தவர். கடல் கொந்தளித்து இரண்டு தரம் பயணம் தள்ளிப்போனது. மூன்றாம் தரம் நாள் குறித்தோம்; அதற்கு அடுத்த நாள் அவருக்குப் பிளைட். புதிதாகப் பிடித்த கடைக்காரர் ஒருவர், நான் கேட்டபடி முப்பத்திரண்டு வீதம் ஒக்சிஜன் கலந்து, சிலிண்டர்களைக் காலையில் நேரே கரைக்கே அனுப்பியிருந்தார். படகில் ஏற்றுமுன் ஒக்சிஜன் அளக்கிற மீற்றரை வைத்தேன். நாற்பத்தைந்து காட்டியது. வெளிக்காற்றில் பிடித்துப் பார்த்தேன், காட்டவேண்டிய இருபத்தொன்றைக் காட்டியது, மீற்றர் சரி. மற்றச் சிலிண்டர்களும் அப்படித்தான். ஆழத்தில் ஒக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு; நாங்கள் போகவிருந்த ஆழத்தில் அதைச் சுவாசித்தால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயில் இருக்கிற குழாய் கழன்றுவிடும். பிறகு ஆளை உயிரோடு மேலே கொண்டுவருவது சந்தேகம்.

"ஒரு கொஞ்ச நேரந்தானே தங்கச்சி. என்ன நடந்தாலும் நான் பொறுப்பு" என்றார் குகன் அண்ணை. அவருடைய மனைவி குடையைப் பிடித்தபடி எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் இன்னொரு தரம் கெஞ்சினால் நான் இளகிவிடுவேன் என்று தெரிந்தது. குனிந்து முதல் சிலிண்டரின் வால்வைத் திறந்துவிட்டேன். சீறிக்கொண்டு காற்றுப் போனது. சுரங்க என்ற எங்கள் படகோட்டி படகிலிருந்து இறங்கினான். பக்கத்தில் வந்து குந்தி மற்றதைத் திறந்தான்.

எல்லாம் வெறுமையாகும் வரை குகன் அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் வாகனத்தில் ஏறினார். கடைக்காரருக்குப் போன் எடுத்து, ஒரு மனுசன் செத்திருப்பான் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் மிஸ் சத்தம் போடுறீங்க? கேட்டதைவிடக் கூடத்தானே தந்தம், குறைச்சா தந்தம்?"

பாமன்கடைக் கராஜ்

அதற்குப் பிறகு இன்னொருவர் கலந்த காற்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை. சுரங்கவும் நானும் சேர்ந்து, மூடப்பட்ட ஹோட்டல் ஒன்றிலிருந்து பழைய கொம்பிரசரை வாங்கிப் பழுது பார்த்து, வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் பாமன்கடை என்ற இடத்தில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து வைத்தோம். கலக்கப் படித்தோம். நாங்கள் நிரப்புகிற ஒவ்வொன்றையும் நான் அளப்பேன், சுரங்க அளப்பான், வாங்குகிறவரும் தன் கையால் அளந்து பார்த்தால்தான் வெளியே விடுவோம்.

போன கிழமை ஒரு எஞ்சினியர் வந்தார். கொழும்பில் ஒழுங்கான கடையே இல்லை என்று நெடுநேரம் குறைப்பட்டார். எனக்குக் கண் கலங்காத குறை. அவருடைய சிலிண்டரை நிரப்பி, அளந்து, மீற்றரை அவர் கையில் கொடுத்தேன். மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மற்ற இடத்தில இந்தச் சோதினை எல்லாம் இல்லை மிஸ், சட்டெண்டு தந்திடுவாங்கள்."

இவ்வளவு அலைந்து கடைசியில் கிடைத்த நல்ல கடைக்கு நானே முதலாளி, வருகிறவர்கள்தான் வேறு கடை விசாரித்துக்கொண்டு போகிறார்கள்.